படலையில் இருந்து படலை வரை: விமானத் தூரமும் பயண நேரமும்

வன்னியில் உள்ள தர்மபுரத்தில் இருந்து விமானம் ஏறப் போகிறவர் பெரும்பாலும் உல்லாசப் பயணி இல்லை. கனடாவில் பேரப்பிள்ளை பிறந்ததைப் பார்க்கப் போகும் அம்மம்மா, சென்னையில் கண் காட்டப் போகும் அப்பா, திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமில் இன்னும் இருக்கும் சகோதரியைப் பார்க்கப் போகும் அண்ணன், வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்த குடும்பம். இவர்களில் பலருக்கு அது முதல் விமானப் பயணம். கையில் இருக்கும் காசு கடன் வாங்கியதாகவோ, பிள்ளை அனுப்பியதாகவோ இருக்கும். ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அந்த இழப்பு மாதக்கணக்கில் வீட்டைப் பிடித்து இழுக்கும்.

ரிக்கெற் எடுக்கும்போது எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்: எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? கைத்தொலைபேசியில் தேடினால் இரண்டுக்கும் உடனே விடை வரும். அந்த விடை ஒரு விமான நிலையத்தில் இருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு உரியது. உங்கள் பயணமோ உங்கள் வீட்டுப் படலையில் தொடங்கி, நீங்கள் போய்ச் சேரும் வீட்டின் படலையில் முடிகிறது. இந்த முழு நேரத்தையும் கணக்கிட்ட பிறகே ரிக்கெற் எடுக்க வேண்டும். அதை ஒரு தாளும் பேனையும் கொண்டு நீங்களே செய்ய இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

1. உங்களுக்கு இரண்டு வாசல்கள்

வன்னியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. வவுனியாவில் இருக்கும் ஓடுபாதை விமானப்படையின் பாவனையில் உள்ளது. ஆகவே தர்மபுரத்தாருக்கு விமானத்தில் வெளிநாடு போக வாசல்கள் இரண்டு: வடக்கே பலாலி, தெற்கே கட்டுநாயக்க.

பலாலி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காக அமைந்த தளம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தனது முதல் பயணத்தை இரத்மலானையில் தொடங்கி, இங்கே இறங்கி, சென்னை வரை பறந்தது. எங்கள் மண்ணில் இருந்து தமிழகத்துக்கு விமானம் போவது அவ்வளவு பழைய வழக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்த வழி அறுந்தது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது மீளத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையில் இருந்து வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12இல் திரும்ப ஆரம்பித்தது. இன்டிகோ 2024 செப்ரெம்பர் 1இல் சென்னைக்கும், 2025 மார்ச் 30இல் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. சேவைகளும் கிழமை நாட்களும் மாறக்கூடியவை. ரிக்கெற் எடுக்கும் நாளில் எது பறக்கிறது என்பதை விமானக் கம்பனியிடமே உறுதிப்படுத்துங்கள்.

தர்மபுரத்தில் இருந்து பலாலிக்கு வீதியால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பரந்தன் சந்திக்கு வந்து ஏ-9இல் வடக்கே திரும்பி, ஆனையிறவு, இயக்கச்சி, பளை, கொடிகாமம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குள் போகாமல் புத்தூர், அச்சுவேலிப் பக்கமாகத் திரும்பினால் நேரம் மிஞ்சும். வானில் போனால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர் யாழ்ப்பாணத்தில் இறங்கி மாறி ஏற வேண்டியிருப்பதால் மூன்றரை மணி நேரம் வைப்பதே புத்தி. பலாலியைச் சுற்றிப் படையினரின் பகுதி இருப்பதால், வாகனம் எந்த வழியால் எதுவரை போக விடுவார்கள் என்பதை அண்மையில் போய்வந்த சாரதியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கட்டுநாயக்க 300 கிலோமீற்றருக்கு மேல். பரந்தனில் தெற்கே திரும்பி, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போவது பெரும்பாலான வான் சாரதிகள் எடுக்கும் பாதை. சாப்பாட்டுக்கும் கைகால் கழுவவும் நிற்பதைச் சேர்த்தால் ஏழு மணி நேரம். ரயிலில் போகிறவர் கொழும்புக் கோட்டை வரை போய், அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ்ஸில் விமான நிலையத்துக்குத் திரும்பி வர வேண்டும். பெரிய பொதிகளோடும் வயதானவர்களோடும் அந்த வழி கடினம்.

2. தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

விமானத் தூரம் என்று சொல்லப்படுவது பூமியின் உருண்டை மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் இதைக் கணக்கிடக் கணினி தேவையில்லை. இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. அதனால் அகலக்கோட்டு வித்தியாசம் மட்டும் போதும்.

மீனம்பாக்கத்தில் உள்ள சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகையில் உள்ளது. பலாலி வடக்கு 9.79 பாகையில் உள்ளது. வித்தியாசம் 3.20 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர். 3.20ஐ 111ஆல் பெருக்கினால் 355 கிலோமீற்றர். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். புவியியல் பாடம் அம்மம்மாவின் பயணத்துக்கு உதவுவதைப் பிள்ளையும் காணட்டும்.

கட்டுநாயக்கவுக்கும் இதே வழி பொருந்தும். அது வடக்கு 7.18 பாகை. சென்னையோடு வித்தியாசம் 5.81 பாகை, தூரம் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே நெடுங்கோட்டு வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முடிவை மட்டும் தருகிறேன்:

பலாலி – திருச்சி: ஏறத்தாழ 184 கிலோமீற்றர்
பலாலி – சென்னை: ஏறத்தாழ 355 கிலோமீற்றர்
கட்டுநாயக்க – திருச்சி: ஏறத்தாழ 417 கிலோமீற்றர்
கட்டுநாயக்க – சென்னை: ஏறத்தாழ 645 கிலோமீற்றர்
கட்டுநாயக்க – லண்டன் ஹீத்ரோ: ஏறத்தாழ 8,710 கிலோமீற்றர்
கட்டுநாயக்க – ரொறன்ரோ: ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர்

சில இடங்களில் தூரத்தைக் கடல் மைலில் போட்டிருப்பார்கள். விமானிகள் பயன்படுத்தும் அளவு அது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். பலாலி – சென்னை 192 கடல் மைல் என்று கண்டால் குழம்ப வேண்டாம். அதுவும் அதே 355 கிலோமீற்றர்தான்.

மேலே உள்ள பட்டியலின் முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். தர்மபுரத்தில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வீதியால் போகும் தூரம், பலாலியில் இருந்து திருச்சிக்கு ஆகாயத்தால் போகும் தூரத்தை விட எவ்வளவோ அதிகம். வன்னியில் இருப்பவருக்குத் தமிழகம் கொழும்பை விடக் கிட்ட.

3. தூரம் எப்படி நேரமாகிறது

தூரம் இரு மடங்கானால் நேரமும் இரு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. விமானத்தில் அப்படி வராது. பலாலி – சென்னைப் பறப்புக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி நேர அளவில் போடுகிறார்கள். கட்டுநாயக்க – சென்னை ஏறக்குறைய இரு மடங்கு தூரம். அதற்குப் போடுவதும் ஒரு மணி இருபது நிமிட அளவுதான். காரணங்கள் இரண்டு.

முதலாவது, விமானம். பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். 72. இறக்கைகளில் பெரிய விசிறிகள் சுழலும் இரண்டு இயந்திரங்கள் கொண்ட, எழுபது சொச்சம் பேர் போகக்கூடிய விமானம். குறைந்த நீளமுள்ள ஓடுபாதையிலும் இறங்கி ஏறக்கூடியது என்பதால் பலாலிக்குப் பொருத்தமானது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்கவில் இருந்து போகும் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும்.

இரண்டாவது, பறக்காத நேரம். ரிக்கெற்றில் உள்ள பயண நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கியதில் இருந்து, போன இடத்தில் தரித்து நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதை வரை ஊர்வது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் இறங்க வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். தூரம் எவ்வளவு குறைந்தாலும் இந்தப் பகுதி குறையாது. அதனால்தான் 184 கிலோமீற்றர் மட்டுமே உள்ள திருச்சிக்கும் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும்.

ஆகவே கணக்கு இப்படி: தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். பலாலி – சென்னை: 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம்; அரை மணி கூட்ட 73 நிமிடம். அட்டவணையோடு பொருந்துகிறது. இணையத்தில் தூரமும் நேரமும் காட்டும் கருவிகள் பெரும்பாலும் எல்லா விமானத்தையும் ஜெட் என்றே எடுத்துக்கொள்கின்றன. அவை இந்தப் பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டலாம். அதை நம்பிச் சென்னையில் அடுத்த விமானத்துக்கு நேரம் ஒதுக்காதீர்கள்.

4. முழுக் கணக்கு: தர்மபுரத்தில் இருந்து சென்னைக்கு

இனி படலையில் இருந்து படலை வரை கூட்டுவோம். நேரங்கள் அவசரமில்லாமல் போகிறவருக்கு உரியவை.

பலாலி வழி:
வீட்டில் இருந்து விமான நிலையம், வானில்: 2 மணி
வீதியில் தடங்கலுக்கு ஒதுக்கு: 30 நிமிடம்
விமான நிலையத்தில், புறப்பாட்டுக்கு முன்: 2 மணி 30 நிமிடம்
பறப்பு: 1 மணி 15 நிமிடம்
சென்னையில் குடிவரவு, பொதி, சுங்கம்: 1 மணி
மீனம்பாக்கத்தில் இருந்து தங்கும் இடம்: 1 மணி
மொத்தம்: 8 மணி 15 நிமிடம்

கட்டுநாயக்க வழி:
வீட்டில் இருந்து விமான நிலையம், வானில்: 7 மணி
வீதியில் தடங்கலுக்கு ஒதுக்கு: 1 மணி 30 நிமிடம்
விமான நிலையத்தில், புறப்பாட்டுக்கு முன்: 3 மணி
பறப்பு: 1 மணி 20 நிமிடம்
சென்னையில் குடிவரவு, பொதி, சுங்கம்: 1 மணி
மீனம்பாக்கத்தில் இருந்து தங்கும் இடம்: 1 மணி
மொத்தம்: 14 மணி 50 நிமிடம்

பறப்பில் வித்தியாசம் ஐந்து நிமிடம். பயணத்தில் வித்தியாசம் ஆறரை மணி நேரத்துக்கு மேல். நோயாளி ஒருவருக்கு இந்த ஆறரை மணி நேரம் வானின் பின் இருக்கையில் கழியும் நேரம். காசுக் கணக்கும் இதில் தொடங்குகிறது: பலாலி ரிக்கெற் சில நாட்களில் கட்டுநாயக்க ரிக்கெற்றை விட விலை கூடியிருக்கும். அப்போது 300 கிலோமீற்றர் வான் கூலியையும், திரும்பி வரும் கூலியையும், வழிச் சாப்பாட்டையும், ஒரு இரவு தங்க நேர்ந்தால் அந்தச் செலவையும் கட்டுநாயக்க ரிக்கெற்றோடு கூட்டி ஒப்பிடுங்கள். ரிக்கெற் விலைகளை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

இன்னொரு விடயம் பொதி. ஏ.ரி.ஆர். சிறிய விமானம், அனுமதிக்கும் எடை பெரிய விமானத்தை விடக் குறைவாக இருக்கலாம். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், மிளகாய்த்தூள் எல்லாம் கட்டி வைத்த பிறகு வாசலில் பிரித்து எடுப்பது மனவருத்தம். ரிக்கெற்றில் எழுதியுள்ள எடையைப் பார்த்து, வீட்டிலேயே நிறுத்துக் கட்டுங்கள்.

5. சென்னையா, திருச்சியா, கப்பலா

எந்த நகரத்தில் இறங்குவது என்பதைப் போய்ச் சேரும் இடம் தீர்மானிக்கட்டும். வேலூர் மருத்துவமனைக்குப் போகிறவருக்குச் சென்னை கிட்ட. மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மண்டபம் பக்கம் போகிறவருக்குத் திருச்சி கிட்ட. மதுரைக்குப் போக வேண்டியவர் சென்னையில் இறங்கினால், அங்கிருந்து 450 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே திரும்பி வர வேண்டும். கடந்த கடலை விட நீளமான வீதி.

வேளாங்கண்ணிக்குப் போகும் குடும்பங்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. காங்கேசன்துறை – நாகபட்டினம் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நான்கு மணி நேர அளவு. கணக்கைப் பாருங்கள். திருச்சிக்குப் பறந்து, வெளியே வந்து, வேளாங்கண்ணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வீதியால் போனால் வீட்டில் இருந்து மொத்தம் பத்தரை மணி நேரம். கப்பலில் நாகபட்டினம் போய், அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் உள்ள கோயிலுக்குப் போனால் பதினொரு மணி நேரத்துக்குள் முடியும். விமானம் நான்கு மடங்கு விரைவாகக் கடலைக் கடந்தும், போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கப்பல் காலநிலையைப் பார்த்தே ஓடும். வாடைக்காற்றுக் காலத்தில் அதை நம்பித் திகதி குறிக்க வேண்டாம்.

6. ரிக்கெற்றை வாசிக்கும் முறை

கையில் வந்த ரிக்கெற்றை விரித்து நான்கு இடங்களை விரல் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, நிலையக் குறியீடு. ஜே.ஏ.எஃப். என்றால் யாழ்ப்பாணம். சி.எம்.பி. என்றால் கட்டுநாயக்க. எம்.ஏ.ஏ. என்றால் சென்னை. டி.ஆர்.இசட். என்றால் திருச்சி. போகும்போது யாழ்ப்பாணம், திரும்பும்போது கட்டுநாயக்க என்று போட்டிருந்தால், திரும்பி வரும் நாளுக்கு வான் எங்கே அனுப்புவது என்பதே மாறிவிடும்.

இரண்டாவது, நேரம். ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் சென்னைப் பயணத்தில் குழப்பமில்லை. லண்டன் குளிர்காலத்தில் எங்களை விட ஐந்தரை மணி நேரமும், கோடைகாலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். ரொறன்ரோ குளிர்காலத்தில் பத்தரை, கோடைகாலத்தில் ஒன்பதரை. உதாரணமாக, தை மாதத்தில் கட்டுநாயக்கவில் மதியம் 1 மணிக்குப் புறப்பட்டு லண்டனில் மாலை 7 மணிக்கு இறங்குவதாக ரிக்கெற்றில் இருந்தால், பயணம் ஆறு மணி நேரம் என்று நினைக்கக் கூடாது. ஐந்தரையைக் கூட்டுங்கள், பதினொன்றரை மணி நேரம்.

மூன்றாவது, இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக உள்ள கூட்டல் ஒன்று என்ற அடையாளம். அடுத்த நாள் போய் இறங்குகிறீர்கள் என்று பொருள். உங்களைக் கூப்பிட வருபவருக்கு எந்தத் திகதி சொல்வது என்பது இதில்தான் இருக்கிறது.

நான்காவது, நள்ளிரவு. தூரத்தில் இருந்து வருபவர்கள் விமானத்தைத் தவறவிட வழி வைக்கும் இடம் இதுதான். ரிக்கெற்றில் டிசம்பர் 15, நேரம் 00:35 என்று இருக்கிறது என வையுங்கள். பலர் 15ஆம் திகதி காலை எழும்பி வெளிக்கிடலாம் என்று நினைப்பார்கள். அந்த விமானமோ 14ஆம் திகதி இரவு பன்னிரண்டு கடந்து முப்பத்தைந்தாவது நிமிடத்தில் போய்விடும். பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம்: 14ஆம் திகதி இரவு 9:35. வீதி ஏழு மணி, ஒதுக்கு ஒன்றரை மணி: 14ஆம் திகதி பகல் 1:05. அதாவது 14ஆம் திகதி மதியச் சாப்பாட்டோடு தர்மபுரத்தை விட்டுப் புறப்பட வேண்டும். இரவு பன்னிரண்டுக்கும் விடியற்காலைக்கும் இடையில் நேரம் போட்டுள்ள எந்த ரிக்கெற்றிலும், "எத்தனையாம் திகதி, என்ன கிழமை வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும்" என்பதைத் தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வான் சாரதிக்கும் அந்தத் திகதியையே சொல்லுங்கள்.

7. லண்டன், ரொறன்ரோ போகிறவர்களுக்கு

நெடுந்தூரப் பறப்பில் போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் எடுக்காது. ஆகாயத்தின் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலமான காற்று வீசுகிறது. லண்டன் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது. திரும்பும் விமானத்தை அது தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் திரும்பும் பயணம் ஒரு மணி நேரம் வரை குறையலாம். போகும் நேரத்தை வைத்துத் திரும்பும் நாளைத் திட்டமிட வேண்டாம்.

ரொறன்ரோவுக்குச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கோடு போட்டால் அது சற்று வடக்கே சாய்ந்து மேற்கே போகும். உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய வழி வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு இறங்குகிறது. அதன் நீளம்தான் 14,000 கிலோமீற்றர். டுபாயில் மாறி ஏறினால் 3,290உம் 11,080உம் சேர்ந்து 14,370 கிலோமீற்றர். சுற்று வழி என்று தோன்றுவது உண்மையில் 370 கிலோமீற்றர் மட்டுமே கூட. மாறி ஏறும் பயணத்தில் நேரத்தை எடுப்பது இடைநிலையத்தில் காத்திருப்பது.

தர்மபுரத்தில் இருந்து கூட்டிப் பாருங்கள். வீதியும் ஒதுக்கும் எட்டரை மணி, கட்டுநாயக்கவில் மூன்று, டுபாய் வரை நாலரை, அங்கே காத்திருப்பு நான்கு, ரொறன்ரோ வரை பதினான்கு, வெளியே வர ஒன்றரை, மகளின் வீடு போக ஒன்று. மொத்தம் முப்பத்தாறரை மணி நேரம். திங்கட்கிழமை மதியம் 1 மணிக்கு வீட்டை விட்டால், எங்கள் நேரப்படி புதன் அதிகாலை 1:30க்குப் போய்ச் சேருவார். குளிர்காலத்தில் அங்கே அது செவ்வாய் பிற்பகல் 3 மணி. அம்மா ஒன்றரை நாள் படுத்து உறங்காமல் வந்திருக்கிறார் என்பதை அங்கே இருக்கும் பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்த்து அறிய முடியாது. ஆகவே அந்தக் கணக்கை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். இறங்கிய அன்றே விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட மாட்டார்கள்.

இடைநிலையத்தில் காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால், மொழி தெரியாதவருக்கும் மெதுவாக நடப்பவருக்கும் அது போதாது. மூன்றில் இருந்து ஐந்து மணி நேரம் நல்லது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பலாலி – சென்னை ஒரு ரிக்கெற், சென்னை – வெளிநாடு வேறொரு ரிக்கெற் என்று தனித்தனியாக எடுப்பது மலிவாகத் தெரியும். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவு கடந்து, பொதியை எடுத்து, வெளியே வந்து, மீண்டும் பதிய நேரும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பனி பொறுப்பெடுக்காது. ஒரே பதிவில் இரண்டு பறப்புகளும் இருக்கின்றனவா, பொதி கடைசி ஊர் வரை போகுமா, விசா தேவையா என்ற மூன்று கேள்விகளையும் முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் சென்னையில் ஒரு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.

8. மாரி காலத்தில்

ஐப்பசியில் இருந்து தை வரை வன்னியில் வீதிக் கணக்கு மாறும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை எப்படி மூடியது என்பது கண்டாவளை, தர்மபுரம் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்படுகின்றனவா, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வெள்ளம் ஏறுகிறதா என்று புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் முதல் நாளே பரந்தனுக்கோ, விமான நிலையத்துக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டுக்கோ போய்விடுவது நல்லது.

மாரியில் விமானமும் பிந்தும். ஏ.ரி.ஆர். சேவை நாளுக்கு ஒன்றிரண்டுதான் என்பதால், ரத்தானால் அடுத்தது நாளைக்கோ மறுநாளோ. வைத்தியரைக் காண நேரம் எடுத்தவர்கள் ஒரு நாள் முந்தியே போய்ச் சேரும்படி ரிக்கெற் எடுங்கள். ரிக்கெற் எடுக்கும்போது முகவரின் இலக்கத்தைக் கொடுக்காமல் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். பிந்தினாலும் ரத்தானாலும் செய்தி அந்த இலக்கத்துக்கே வரும்.

9. வயதானவர்களோடும் நோயாளிகளோடும்

நடக்கச் சிரமப்படுபவருக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று ரிக்கெற் எடுக்கும்போதே பதியச் சொல்லுங்கள். நாற்காலியைத் தள்ளி வருபவர் பாதுகாப்புச் சோதனை, குடியகல்வு, விமான வாசல் வரை கூட்டிப் போவார். தனியே போகும் அம்மாவுக்கு அது கால்களுக்கு மட்டும் உதவி அல்ல, வழிகாட்டியும் அதுவே. மருந்துகளையும் வைத்தியரின் துண்டையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பொதி கைக்கு வர நாள் பிந்தினாலும் மருந்து தவறாது. ஒரு நாளில் எத்தனை மணிக்கு எந்த மருந்து என்பதை இலங்கை நேரத்தில் எழுதி, போகும் ஊர் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நீரிழிவுக்காரருக்கு இது கட்டாயம். நீண்ட பறப்பில் தண்ணீர் குடிப்பதும், இடைக்கிடை எழும்பி நடப்பதும், கால்களை நீட்டி மடக்குவதும் கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தைக் குறைக்க உதவும்.

10. ரிக்கெற் எடுக்க முன் நிரப்ப வேண்டிய தாள்

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, பலாலிக்கு ஒன்றும் கட்டுநாயக்கவுக்கு ஒன்றுமாக இரண்டு நிரல்களில் நிரப்புங்கள்.

அ. வீட்டில் இருந்து விமான நிலையம் வரை நேரம், கூலி
ஆ. வீதித் தடங்கலுக்கு ஒதுக்கு. மாரியில் இரு மடங்கு
இ. விமான நிலையத்தில் முன்கூட்டி இருக்க வேண்டிய நேரம்
ஈ. பறப்பு நேரம், ரிக்கெற் விலை
உ. இடைநிலையக் காத்திருப்பு, ஒரே பதிவா, தனிப் பதிவா
ஊ. இறங்கிய பின் வெளியே வர நேரம்
எ. அங்கிருந்து போய்ச் சேரும் வீடு வரை நேரம், கூலி
ஏ. வீட்டை விட்டு வெளிக்கிடும் திகதி, கிழமை, நேரம்
ஐ. போய்ச் சேரும் திகதியும் நேரமும், இலங்கைக் கணக்கிலும் அந்த ஊர்க் கணக்கிலும்

நேரங்களைத் தனியாகவும் காசைத் தனியாகவும் கூட்டுங்கள். இரண்டு நிரல்களின் அடியிலும் வரும் தொகைகளைப் பார்த்து, பயணம் போகிறவரின் உடல் நிலையையும் நினைத்துத் தீர்மானியுங்கள். பிறகு தாளோடு முகவரிடம் போங்கள். "இதுதான் கிட்ட", "இதுதான் மலிவு" என்று அவர் சொன்னால் தாளைக் காட்டி, எந்த வரியில் கிட்ட, எந்த வரியில் மலிவு என்று கேளுங்கள். தாளின் ஒரு படியை வீட்டிலும், ஒரு படியைப் பயணம் போகிறவரின் கைப்பையிலும், ஒரு படத்தைக் கூப்பிட வருபவரின் தொலைபேசியிலும் வையுங்கள்.